கைக்காசும் பள்ளிக்கூட வாசலும்

வழக்கு நடத்தக் காசு வேண்டும். நீதியைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் இந்த அற்பச் செய்தி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. தீர்ப்பு எழுதிய நீதிபதியின் பெயர் இருக்கும், வக்கீல் பெயர் இருக்கும், சட்டப்பிரிவின் எண் இருக்கும். சாட்சி சொல்ல ஒரு கூலிக்காரன் வேலையை விட்டுவிட்டு வந்தானே, அன்றைக்கு அவன் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்ற கேள்வி இருக்காது. அமெரிக்காவில் மெக்சிகோ வழிவந்த மக்கள் (இன்றைக்கு லத்தீனோ என்ற பெரும்பெயருக்குள் வருகிறவர்களில் பெருந்தொகையினர் இவர்கள்தான்) தங்கள் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்குள் கொண்டுபோன கதையை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடை வருகிறது, ஒரு குத்தகை நிலம் வருகிறது, சாவுச் செலவுக்கென்று மாதாமாதம் கட்டிய சந்தாப் பணம் வருகிறது.

எல்லை தாண்டி நேற்று வந்தவர்கள் என்றுதான் இவர்களைப் பற்றிய பொதுப்புத்தி. எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது என்று அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. டெக்சாசையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 1848க்குள் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் பாதியை அமெரிக்காவிடம் இழந்திருந்தது. அந்த ஆண்டின் குவாதலூப் ஹிதால்கோ உடன்படிக்கை, அங்கேயே தங்கிவிட்ட மெக்சிகர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. வந்தேறிகளில் வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றிருந்த காலம் அது. ஆகவே காகிதத்தில் இவர்கள் வெள்ளையர் ஆனார்கள். தெருவில் ஆகவில்லை. 1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சிக் காலத்திலும் அதன் பிறகும் ரயில்பாதை போடவும் பருத்தி எடுக்கவும் ஆரஞ்சு பறிக்கவும் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தவர்களுக்கும் அதே கதிதான். ஊர், சேரி என்று நாம் பிரித்துச் சொல்வதைப் பல இடங்களில் அங்கே ரயில் தண்டவாளம் பிரித்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது கொலோனியா. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 'மெக்சிகன் பள்ளி'.

அந்தப் பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பையன்களுக்குத் தச்சு வேலை, தோட்ட வேலை. பெண்பிள்ளைகளுக்குத் தையல், வீட்டு வேலை. கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் வால்நட் பொறுக்கும் பருவம் வந்தால் மெக்சிகன் பள்ளியின் நேரத்தையே சுருக்கிக்கொள்வார்கள், பிள்ளைகள் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக. இங்கிலீஷ் தெரியாததால்தான் தனிப் பள்ளி என்பது வெளியே சொன்ன காரணம். இங்கிலீஷ் மட்டுமே பேசும் மெக்சிகன் பிள்ளையையும் அங்கேதான் அனுப்பினார்கள். படித்துவிட்டால் பழம் பறிக்க ஆள் எங்கே கிடைக்கும் என்பதே உள்ளே இருந்த காரணம். அதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஒரு பெரிய எதிர்ப்பு 1931இல், சான் தியேகோ பக்கத்தில் லெமன் குரோவ் என்ற எலுமிச்சைத் தோட்ட ஊரில் நடந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஜனவரி 5ஆம் தேதி பிள்ளைகள் பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் வாசலில் நிற்கிறார். மெக்சிகன் பிள்ளைகள் சுமார் 75 பேர். உங்களுக்கு இனி இங்கே இடமில்லை, உங்களுக்கென்று கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போங்கள் என்றார். பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக்கு ஜனங்கள் வைத்த பேர் 'குதிரை லாயம்'. பிள்ளைகள் லாயத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். பெற்றோர் அக்கம்பக்கத்தார் குழு என்று ஒன்றைக் கூட்டி வழக்குப் போட்டார்கள். ரொபெர்த்தோ அல்வாரெஸ் என்ற மாணவன் பெயரில் நடந்த அந்த வழக்கில் அதே ஆண்டு மார்ச்சில் வென்றார்கள்.

இந்த வழக்குக்கு வக்கீல் கிடைத்தது மெக்சிகோ நாட்டுத் துணைத்தூதர் உதவியால். பொருளாதார மந்தத்தைக் காட்டி மெக்சிகர்களை ரயிலேற்றி விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. விரட்டப்பட்டவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் ஏராளம். அப்படிப்பட்ட நேரத்தில் துணைத்தூதர் செய்தது பெரிய உதவிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்தவன் அரசாங்கத்தை நம்பி எத்தனை பள்ளிக்கூடத்துக்கு வழக்குப் போட முடியும்? லெமன் குரோவ் தீர்ப்பு அந்த ஊரோடு நின்றுபோனது.

இனி சாப்பாட்டுக்கடை. சான் பெர்னார்தினோ நகரத்தில் 1937இல் லுசியா ரொத்ரிகேஸ் என்ற பெண்மணி மித்லா கஃபே என்ற கடையைத் தொடங்கினார். தாக்கோ விற்கிற கடை. சோளரொட்டியை மடித்து உள்ளே கறி, கீரை, சீஸ் வைத்துக் கொடுப்பது. வெள்ளைக்காரன் தெருவில் இவர்களை உட்கார வைத்துச் சோறு போட மாட்டான். அதனால் மித்லா மாதிரிக் கடைகள் சாப்பிடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. கூட்டம் போட, மனு எழுத, வசூல் எண்ண எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். அந்த நகரத்துப் பொது நீச்சல் குளத்தில் மெக்சிகர்கள் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இறங்கலாம். பிறகு தண்ணீரை மாற்றிவிடுவார்கள். மகாத் குளத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதை எதிர்த்து இக்னாசியோ லோபெஸ் என்ற பத்திரிகையாசிரியரும் ஒரு பாதிரியாரும் இன்னும் சிலரும் தொடுத்த வழக்கு 1944இல் வென்றது. வாதாடியவர் டேவிட் மார்கஸ் என்ற யூத வக்கீல். இந்த வழக்கில் முன்னால் நின்றவர்களைப் பாருங்கள். பத்திரிகை நடத்துகிறவர், பாதிரியார். தோட்ட முதலாளி நாளைக்கு வேலைக்கு வராதே என்று சொல்லி அடுப்பை அணைத்துவிட முடியாதவர்கள்.

இதே மித்லா கடைக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரர் ஹாம்பர்கர் கடை போட்டிருந்தார். கிளென் பெல் என்று பெயர். எதிர்க்கடைக்குப் போய்த் தாக்கோ தின்று பார்த்து, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, தன் கடையிலும் போட ஆரம்பித்தார். 1962இல் தாக்கோ பெல் தொடங்கியது. 1978இல் பெப்சிகோ அதை வாங்கியது. மித்லா மித்லாவாகவே இருந்தது. கைப்பக்குவம் யாருடையது, கிளைக்குக் கிளை திறக்கிற முதல் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1930களிலேயே வீட்டுக் கடனுக்காக வரையப்பட்ட அரசாங்க வரைபடங்களில் மெக்சிகன் குடியிருப்புகளுக்குச் சிவப்பு மை அடித்து, இங்கே பணம் போடுவது ஆபத்து என்று குறித்து வைத்திருந்தார்கள்.

இப்போது வெஸ்ட்மின்ஸ்டருக்கு வருவோம். கொன்சாலோ மெந்தெஸ் மெக்சிகோவில் பிறந்து, சின்ன வயதிலேயே வந்து, ஆரஞ்சு பறித்து வளர்ந்தவர். மனைவி ஃபெலிசிதாஸ் போர்ட்டோ ரிக்கோக்காரர். இருவரும் சான்டா ஆனாவில் ஒரு மதுக்கடை நடத்தி நாலு காசு சேர்த்திருந்தார்கள். நிலத்தில் இறங்க வேண்டும் என்பது கொன்சாலோவின் ஆசை. நிலம் கிடைத்த விதம்தான் இந்தக் கதையில் நெஞ்சை அறுக்கும் இடம்.

1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வழிவந்தவர்கள் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலிலிருந்து பிடுங்கி முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் முனெமிட்சு என்ற ஜப்பானியக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் இருந்தது. அஸ்பாரகஸ் பயிரிட்டிருந்தார்கள். (நம்ம ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவுச்செடி. அங்கே முளைத்தண்டை அறுத்துச் சமைக்கிறார்கள்.) அந்த நிலம் அப்பா பெயரில் இல்லை, மகன் பெயரில் இருந்தது. காரணம், ஜப்பானிலிருந்து வந்தவர்கள் நிலம் வாங்கக்கூடாது என்று 1913இல் கலிபோர்னியா சட்டம் போட்டிருந்தது. அங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்பதால் பிள்ளை பெயரில் வாங்கினார்கள். பஞ்சமி நிலம் கைமாறிப் போன நம் கதையைத் திருப்பிப் போட்டது மாதிரி இருக்கிறது. குடும்பத்தை அரிசோனாவில் போஸ்டன் என்ற முகாமுக்கு ஓட்டிப்போனார்கள். அந்த முகாமும் அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தில், பழங்குடி மன்றம் கூடாது என்று சொல்லியும் கேட்காமல் கட்டப்பட்டது.

நிலத்தைச் சும்மா போட்டுவிட்டுப் போனால் திரும்ப வரும்போது இருக்காது. குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு வங்கிக்காரர் மூலம் மெந்தெஸ் குடும்பத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஒரு ஒடுக்கப்பட்ட குடும்பம் முள்வேலிக்குள் போனதால் இன்னொரு ஒடுக்கப்பட்ட குடும்பத்துக்கு விவசாயம் கிடைத்தது. இதை மறைத்து எழுத வேண்டிய அவசியமில்லை. மெந்தெஸ் குடும்பம் நிலத்தை அமுக்கிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சண்டை முடிந்து முனெமிட்சு குடும்பம் திரும்பி வந்தபோது நிலம் அப்படியே இருந்தது. குத்தகைக் காலம் முடிகிறவரை இரண்டு குடும்பமும் அதே வயலில் பாடுபட்டன.

வெஸ்ட்மின்ஸ்டருக்குக் குடிவந்ததும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கொன்சாலோவின் உடன்பிறந்தாள் சொலெதாத், தன் பிள்ளைகளையும் மெந்தெஸ் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனார். சொலெதாத்தின் பிள்ளைகள் கொஞ்சம் வெளுத்த நிறம். அவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கறுத்த பிள்ளைகளான மெந்தெஸ் பிள்ளைகள் மூவரும் மெக்சிகன் பள்ளிக்குப் போகட்டும் என்றார்கள். ஒரே ரத்தம், ஒரே நாள், ஒரே வாசல். சொலெதாத் தன் பிள்ளைகளையும் சேர்க்காமல் எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அந்த ஒரு முடிவு இல்லையென்றால் வழக்கே இல்லை. மாட்டு மேய்ச்சல் நிலத்தை ஒட்டி, மின்சாரக் கம்பிவேலிக்குப் பக்கத்தில் இருந்த மரக்கொட்டகையைத்தான் மெக்சிகன் பள்ளியாக மூத்த மகள் சில்வியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

சான் பெர்னார்தினோ குளத்து வழக்கை வென்ற மார்கஸையே கொன்சாலோ பிடித்தார். உன் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம், விட்டுவிடு என்று பள்ளி நிர்வாகம் பேசிப் பார்த்தது. எல்லா ஊரிலும் இதுதானே நடக்கும், ஒருத்தனை மட்டும் திண்ணையில் ஏற்றி உட்கார வைப்பது! அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1945 மார்ச் 2ஆம் தேதி ஐந்து தகப்பன்மார்கள், நாலு பள்ளி மாவட்டங்களின் மேல், சுமார் 5,000 பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டார்கள்.

வழக்குக்கு முன்னும் நடந்தபோதும் கொன்சாலோ வக்கீலோடு ஊர் ஊராகப் போய்ச் சாட்சி தேடினார். கூலிகள் பயந்தார்கள். பண்ணைக்காரனுக்கு எதிராகப் பேசிவிட்டு நாளைக்கு யார் தோட்டத்துக்குப் போவது? வருகிறவர்களுக்கு அன்றைய கூலியையும் வழிச்செலவையும் தானே கொடுப்பதாகச் சொன்னார் கொன்சாலோ. அந்தப் பணம் அஸ்பாரகஸ் விற்ற பணம். அந்தப் பணத்தை விளையவைத்தது ஃபெலிசிதாஸ். புருஷன் வழக்குக்கு அலைய, ஆட்களை வைத்து வேலை வாங்கி, அறுப்பைக் கவனித்து, விற்று, கணக்குப் பார்த்துப் பண்ணையை ஓட்டியவர் அவர்தான். பெற்றோர் சங்கத்துக்கு ஆள் சேர்த்ததிலும் அவர் பங்கு பெரிது. வழக்கின் பெயர் ஆம்பிளை பெயரில் நின்றது. நம் போராட்ட வரலாறுகளில் சோறாக்கிப் போட்ட பெண்களுக்கு ஒரு வரி கிடைக்கும், பட்டுவாடா செய்த பெண்களுக்கு அந்த வரியும் கிடைக்காது.

மெந்தெஸ் இப்போது சின்ன முதலாளிதான் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் நிலத்திலும் கூலிக்குத்தான் ஆட்கள் குனிந்து தண்டு அறுத்தார்கள். சின்னக் கடை, சின்னப் பண்ணை வைத்தவனெல்லாம் சமூகத்துக்காக நிற்பான் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கடை வைத்ததும் கொலோனியாவை மறந்தவர்கள் அங்கேயும் எத்தனையோ பேர். ஆனால் கூலியாகவே இருந்திருந்தால் கொன்சாலோவால் இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

நீதிமன்றத்தில் கார்டன் குரோவ் மாவட்டத்தின் கல்வி அதிகாரி கூசாமல் சாட்சி சொன்னார். மெக்சிகன் பிள்ளைகள் சுத்தத்திலும் திறமையிலும் வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கீழே என்றார். தலையில் பேன், சொறி என்று அடுக்கினார். 1946 பிப்ரவரி 18ஆம் தேதி நீதிபதி பால் மெக்கார்மிக், பெற்றோர் பக்கம் தீர்ப்பு எழுதினார். பிரித்து வைப்பதே பிள்ளைகளுக்குள் தாழ்ந்தவர் என்ற எண்ணத்தை வளர்க்கிறது என்ற கருத்து அதில் இருந்தது. 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் வெற்றி. கறுப்பர்களின் என்.ஏ.ஏ.சி.பி., யூதர் அமைப்பு, ஜப்பானிய அமெரிக்கர் அமைப்பு எல்லாம் பெற்றோர் பக்கம் மனுப் போட்டன. அதே ஆண்டு பள்ளிகளில் ஆசியரையும் பழங்குடியினரையும் பிரித்து வைக்கலாம் என்ற சட்டப்பிரிவுகளை நீக்கும் மசோதாவில் கலிபோர்னியா ஆளுநர் ஏர்ல் வாரன் கையெழுத்துப் போட்டார். 1942இல் ஜப்பானியர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று உரக்கக் கத்தியவரும் இதே வாரன். 1954இல் கறுப்புப் பிள்ளைகளின் பிரவுன் வழக்கில் தீர்ப்பு எழுதியவரும் இவரேதான்.

இந்த வெற்றிக்குள் ஒரு நஞ்சு இருந்தது. மெக்சிகர்கள் வெள்ளையரே, ஆகவே இது இன வழக்கே அல்ல என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நடந்த வழக்கு இது. சட்டத்தில் பிரித்து வைக்கச் சொன்ன பட்டியலில் சீனர், ஜப்பானியர், பழங்குடியினர் பெயர் இருந்தது, மெக்சிகன் பெயர் இல்லை. எங்கள் பெயர் அதில் இல்லையே, எங்களை ஏன் பிரித்தீர்கள் என்பதே வாதத்தின் ஒரு முக்கியக் கால். சட்டத்தின் சந்தில் புகுந்து வெளியே வர வக்கீலுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். குடிக்கணக்கெடுப்பு அதிகாரிக்கு 'நாங்கள் சத்திரியர்' என்று மனு எழுதிக் கொடுத்த சாதிச் சங்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மனு என்ன செய்யும்? பட்டியலில் பெயர் இருக்கிறவனை அங்கேயே விட்டுவிட்டு நம்மை மட்டும் வெளியே எடுக்கும். ஜப்பானியக் குடும்பத்தின் நிலத்தில் விளைந்த காசில் நடந்த வழக்கு இப்படி வாதாட வேண்டியிருந்தது என்பது வலிக்கத்தான் செய்கிறது.

மெந்தெஸ் வழி ஒரு குடும்பத்தின் வழி. கூட்டாகப் பணம் சேர்த்த வழியும் இருந்தது. 1894இல் அரிசோனாவின் டூசான் நகரத்தில் அலியான்சா இஸ்பானோ அமெரிகானா என்ற பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்கள் வசதியுள்ள வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள். சேர்ந்தவர்களில் சுரங்கக் கூலிகளும் ரயில்பாதைக் கூலிகளும் உண்டு. சந்தா கட்டினால் ஆள் செத்தபின் அடக்கச் செலவும் குடும்பத்துக்குக் கொஞ்சம் பணமும் கிடைக்கும். வெள்ளைக் கம்பெனிகள் இவர்கள் உயிருக்குக் காப்பீடு கொடுக்கத் தயங்கிய காலம். அந்தச் சாவுப் பணத்தில் வளர்ந்த சங்கம் 1951இல் அரிசோனாவின் டோலெசன் ஊர்ப் பள்ளிப் பிரிவினையை எதிர்த்த வழக்குக்குத் துணை நின்றது. சங்கத்தின் தலைவர் ரால்ஃப் எஸ்திராதாவே வக்கீல்களில் ஒருவர். மெந்தெஸ் தீர்ப்பைக் காட்டி அங்கேயும் வென்றார்கள். 1960களில் சங்கம் நொடித்துப் போனது.

அதற்குப் பின் வேறு பணம் வந்தது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். கல்லூரிக்குப் போகும் பாடத்தைக் கொடு, எங்களைத் தொழிற்பட்டறைக்கே தள்ளாதே என்பது அவர்கள் கோரிக்கைகளில் முக்கியமானது. வால்நட் காலத்துப் பாடத்திட்டம் 20 வருஷம் கழித்தும் சாகவில்லை. அதே ஆண்டு மெக்சிகன் அமெரிக்கர்களுக்கான சட்ட அமைப்பு மால்டெஃப், ஃபோர்டு அறக்கட்டளை கொடுத்த 22 லட்சம் டாலரில் டெக்சாசின் சான் அந்தோனியோவில் தொடங்கியது. தீவிர இளைஞர்களோடு சேர்கிறாய் என்று பணம் கொடுத்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1970இல் தலைமை அலுவலகம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது, போராட்டம் நடந்த மண்ணிலிருந்து ரொம்பத் தூரத்துக்கு. தொண்டு நிறுவனப் பணம் பற்றி நம் கூட்டங்களில் விடிய விடியச் சண்டை போடும் தோழர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆனாலும் அதே மால்டெஃப்தான் பிறகு டெக்சாசின் டைலர் நகரத்து வழக்கையும் நடத்தியது. அங்கே ஆவணமில்லாத பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டார்கள். விசாரணைக்கு வந்த பெற்றோர், அப்படியே நாடுகடத்திவிடுவார்கள் என்று பயந்து சாமான்களையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு நீதிமன்றம் வந்தார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பெற்றோர் கடைக்காரர்கள் இல்லை, எந்தப் பிடிமானமும் இல்லாதவர்கள். கைக்காசு இருந்தால்தான் போராட முடியும் என்று நான் மேலே சொல்லி வந்ததை அவர்கள் கொஞ்சம் அசைத்துவிடுகிறார்கள். மறுக்கவில்லை.

அரசாங்கமும் பணம் கொடுத்தது. சிறுபான்மையோர் வியாபாரத்துக்கு உதவ 1969இல் நிக்சன் ஓர் அலுவலகம் திறந்தார். 1992இல், மாணவர்களில் நாலில் ஒருவராவது இஸ்பானியர் என்றால் அந்தக் கல்லூரிக்குத் தனி உதவி பெறும் தகுதி உண்டு என்று சட்டம் வந்தது. இவற்றால் படித்தவர்களும் கடை வளர்த்தவர்களும் நிறைய. 2025 மார்ச்சில் அந்த வியாபார உதவி அலுவலகத்தைச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவுக்குச் சுருக்கச் சொல்லி டிரம்ப் ஆணை போட்டார். செப்டம்பரில் இஸ்பானியர் மிகுந்த கல்லூரிகள் உள்ளிட்ட சிறுபான்மையோர் கல்லூரிகளுக்கான சுமார் 35 கோடி டாலரைக் கல்வித்துறை நிறுத்துவதாக அறிவித்தது. இன அளவில் கணக்குப் பார்ப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமாம். பிரித்து வைத்த நூறு வருஷத்தில் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, கொடுக்கும்போதுதான் கணக்கு உறுத்துகிறது.

டெக்சாசில் ஆவணமில்லாத மாணவர்களும் உள்ளூர்க் கட்டணத்திலேயே கல்லூரியில் படிக்கலாம் என்று 2001இல் சட்டம் இருந்தது. 2025 ஜூன் 4ஆம் தேதி மத்திய அரசு அதன் மேல் வழக்குப் போட்டது. மாநில அரசு எதிர்த்து வாதாடவில்லை. வழக்குப் போட்ட அன்றைக்கே தோற்க ஒப்புக்கொண்டது, அன்றைக்கே சட்டம் முடங்கியது. ஒரு வாரம் கழித்து மாணவர்கள் சார்பில் மால்டெஃப் ஒரு மனுப் போட்டது. எங்களைப் பற்றிய வழக்கில் எங்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.